அந்த நாற்காலியிலிருந்து நான் ஏன் எழுந்தேன்

குமரா,

இந்தக் கடிதத்தை முதலில் நீ மட்டும் படி. படித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நமக்குள் இருப்பது மூன்றே வாக்கியம். "சாப்ட்டியாப்பா", "ஓசூர்ல மழையா", "இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்". அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தாளும் பேனாவும் வேண்டியிருக்கிறது. நான்கு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா, இந்த வயசுல லவ் லெட்டர் எழுதிக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆமாம் என்றேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தில் பாதபூஜைக்கு நானும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ரேவதி தாம்பாளத்தில் என் காலை எடுத்து வைத்துச் சொம்பைச் சாய்க்கப் போனாள். அவள் கையிலிருந்து காலை உருவிக்கொண்டு நான் எழுந்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் மண்டபத்தை விட்டு வெளியே போனேன். அவள் நம் சனம் இல்லை என்பதால் அப்படிச் செய்தேன் என்று நீ நினைக்கிறாய். பிள்ளையார்பாளையம் முழுக்க அப்படித்தான் நினைக்கிறது. அது காரணம் இல்லை. என் வேட்டி நனைந்துவிட்டது. சிறுநீரில். அவ்வளவுதான் காரணம்.

இனி வரிசையாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின மாசியில் சென்னையில் எனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. நீதான் மூன்று நாள் கூட இருந்தாய். புற்று அந்தச் சுரப்பியைத் தாண்டவில்லை, முழுசாக எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நீ வராந்தாவில் போய் நின்று அழுததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை. நீ மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்த நேரத்தில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சிறுநீருக்குப் போட்டிருக்கும் ட்யூபை எடுத்த பிறகு கொஞ்ச காலம் ஒழுகும், பெரும்பாலானவர்களுக்கு மாதக் கணக்கில் தானாகவே சரியாகிவிடும் என்றார். அந்தப் பெரும்பாலானவர்களில் நானும் ஒருவன் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்றும் முடிவு செய்துகொண்டேன். நீ திரும்பி வந்து, "இன்னா நைனா சொன்னாரு?" என்று கேட்டாய். "இளநீ குடிக்கச் சொன்னாரு" என்றேன்.

படுத்திருந்தால் ஒன்றும் தெரியாது. இருமினால் போகும். தும்மினால், சிரித்தால், குனிந்து செருப்பு மாட்டினால், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால் போகும். தறியில் உட்கார்ந்து மிதியை அழுத்தும்போது ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் போகும். ஒரு புடவைக்கு எத்தனை மிதி என்று உனக்கே தெரியும். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். மடிப்பு தாங்காதபோது தறிக்குழியில் சொட்டியது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒரு நெசவாளிக்கு மட்டும்தான் தோன்றும். வெயில் காலத்தில் பட்டு இழை காய்ந்து அறுந்து போகாமல் இருக்கக் குழியில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைப்போம் இல்லையா? நான் எப்போதும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டேன். நனைந்தது என்று தெரிந்ததும் செம்பை எடுத்துக் குழியில் சாய்த்துவிடுவேன். லுங்கி ஈரமாக இருந்தால், தண்ணீர் தெளித்தபோது பட்டுவிட்டது என்பேன். வாசனைக்குக் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று உன் அம்மா ஓரகத்தியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் தறியில் ஓடிக்கொண்டிருந்தது ரேவதியின் முகூர்த்தப் புடவை. இதை நான் உனக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் வேண்டாம் என்று நான் ஆறு மாதம் சொன்னது பொய்யில்லை. என்ன சனம், என்ன பழக்கம் என்று நான் பேசிய பேச்செல்லாம் நான் பேசியதுதான், அதற்கு எந்த வியாதியும் பொறுப்பில்லை. ஆனால் நீ அவளை முதல் தடவை வீட்டுக்கு அழைத்து வந்தாயே, அன்றே அது கரையத் தொடங்கிவிட்டது. நீ காபி குடிக்க உள்ளே போனாய். அவள் தறிப் பக்கம் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். கரைக்குக் குறுக்கு நூலை ஓட்ட ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, எதிர்க்கரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அம்மா தள்ளும் இன்னொரு நாடா. பார்த்துவிட்டு என்னிடம் கேட்காமல் உன் அம்மாவிடம் கேட்டாள்: "அப்போ நீங்க அந்தப் பக்கம் உக்காரலைன்னா மாமாவால இதை நெய்யவே முடியாதா அத்தை?" முப்பது வருஷத்தில் வியாபாரிகள், வெளிநாட்டுக்காரர்கள், அதிகாரிகள் எத்தனையோ பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் என்னிடம்தான் கேள்வி கேட்டார்கள். உன் அம்மா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு நான் வாயால் சம்மதம் சொல்ல இரண்டு மாதம் ஆனது என் பிடிவாதம். மனதில் அன்றே சரி என்றாகிவிட்டது.

அந்தப் புடவை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் தறியிலிருந்து இறங்கியது. "வேணும்னே லேட் பண்றீங்க நைனா" என்று நீ கத்தினாய். அரைமணிக்கு ஒருமுறை நான் எழுந்து போய்த் துணி மாற்றிக்கொண்டு, கை காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். பட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் நிற்கும். அவள் புடவையில் என் ஈரக்கை படக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் விரலை மேல்துண்டில் துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் நாடாவைத் தொட்டேன். அதனால் தாமதமானது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலத்திலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை. உள்ளே இரட்டை மடிப்பு. முகூர்த்தம் வரை சமாளித்தேன். பாதபூஜைக்கு உட்கார்ந்தபோது ஹோமப் புகை நேராக என் முகத்துக்கு வந்தது. இருமினேன். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. நாலைந்து இருமலில் மடிப்பு முழுக்க நனைந்து, தொடையெல்லாம் சூடாகியது. வெளிர் நிறப் பட்டு வேட்டி. ரேவதி குனிந்தால் ஈரம் அவள் கண்ணுக்கு நேராக இருக்கும். அவள் என் காலைத் தொட்டாள். நான் எழுந்துவிட்டேன். போகிற வேகத்தில் தோளிலிருந்த துண்டு நாற்காலியிலேயே விழுந்தது. கோபமாகப் போகிறவன் போல விறுவிறுவென்று நடந்தால் யாரும் கிட்டே வந்து பார்க்க மாட்டார்கள் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. அது சரியாகவே வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து வேட்டியை அலசிப் போட்ட பிறகுதான் உறைத்தது. அவள் கையில் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது. நான் உட்கார்ந்தபடியே காலை ஆட்டி அந்தச் சொம்பைத் தட்டிவிட்டிருந்தால் வேட்டி நனைந்ததற்கு ஊரே சாட்சி சொல்லியிருக்கும். ஆறு மாதமாகத் தறிக்குழியில் நான் சொல்லிவந்த அதே பொய். வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை நீ வந்து கேட்டாய். "ஏன் நைனா? அவ கை பட்டா அவ்ளோ கேவலமா போச்சா உங்களுக்கு?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நான், "எனக்குப் பிடிக்கலப்பா, எழுந்து வந்துட்டேன். விடு" என்றேன். இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தப்பு இதுதான், குமரா. மற்றதெல்லாம் உடம்பு செய்தது. இதை நான் யோசித்துச் செய்தேன். மகன் கல்யாணத்தில் சாதித் திமிர் காட்டியவன் என்று பேர் எடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. வேட்டியில் ஒன்றுக்குப் போனவன் என்ற பேரைத்தான் தாங்க முடியாது என்று நினைத்தேன். தெருவில் எதிரே வந்த இரண்டு பேர் என்னை மெச்சிக்கூடப் பேசினார்கள். "நம்ம மானத்தைக் காப்பாத்திட்டப்பா" என்றார் ஒருவர். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணின் மேல் என் அழுக்கை ஊற்றிவிட்டு நான் சுத்தமாக நடந்து போனேன். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது. வேட்டி நனைந்ததைவிட அதிக வெட்கம்.

உன் அம்மாவும் நீ நினைத்ததையேதான் நினைத்தாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனாலும் தினமும் தறிக்கு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவள் நாடாவைத் தள்ளினாள். கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி பேசாமல் உட்கார்ந்திருக்க, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே புடவையை நெய்தோம். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் தறியில் கட்டிய பாவு நூல் தானாகவே ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், அப்போது யாரும் குழியில் தண்ணீர் விடமாட்டார்கள். நான் பழக்க தோஷத்தில் செம்பை எடுத்துச் சாய்த்தேன். அம்மா கையை நிறுத்தினாள். "அடைமழை பேஞ்சிக்கினு இருக்குது. இப்போ குழிக்கு எதுக்குத் தண்ணி?" என்றாள். அவள் எழுந்து வந்து குழியில் கையை விட்டுப் பார்த்தாள், முகர்ந்தாள், என் லுங்கியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கல்யாண மண்டபம் உட்பட. "அட பாவி மனுசா" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட நான் இப்பவே சொல்றேன்" என்று போனை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து, உன் மேல் சத்தியம் வாங்கிவிட்டேன். ஆகவே இத்தனை நாள் மறைத்ததற்கு அவளைக் கோபிக்காதே.

நான் எழுந்து போன பிறகு மண்டபத்தில் நடந்ததை அன்றைக்குத்தான் அவள் எனக்குச் சொன்னாள். எல்லாரும் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்களாம். ரேவதியின் அப்பா முகம் சிவந்து எழுந்துவிட்டாராம். ரேவதிதான், "மாமாவுக்கு உடம்பு முடியல போலிருக்கு. ஆபரேஷன் ஆன உடம்பு. யாரும் எதுவும் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த என் துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்து, அந்தத் துண்டுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டாளாம். நூறு பேர் தப்பாக நினைத்த இடத்தில் அவள் ஒருத்தி சரியாகச் சொல்லியிருக்கிறாள். பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது அந்தத் துண்டைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து, "மாமா, இது உங்களோடது" என்று நீட்டிவிட்டுக் காலில் விழக் குனிந்தாள். எனக்கு அப்போதும் நனைந்துதான் இருந்தது. இரண்டடி பின்னால் போய்விட்டேன். நீ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாய். அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை.

பொங்கல் கழிந்து வந்த மாசியில் அம்மா என்னை விடாப்பிடியாகச் சென்னைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒரு வருஷமா இதோட இருந்தீங்களா? ஏன் ஐயா முதல்லயே வரல?" என்றார். வயசானால் இப்படித்தான் என்று நினைத்தேன் என்றேன். "வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சிறுநீரைப் பிடிச்சு வெக்கிற தசை ஆபரேஷன்ல பலவீனமாயிடுச்சு" என்றார். உள்ளே வைத்துக்கொள்ளப் பேடு கொடுத்து, ஒரு நாள் முழுக்க நனைகிறவற்றை எல்லாம் ஒரு பையில் போட்டு மூடிக் கொண்டுவரச் சொன்னார்கள், எடை போட. ஆயுள் முழுக்கப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுத்தவன், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கொஞ்சமாக ஒழுகுகிறவர்களுக்கு ஒரு ரிப்பன் போன்ற பட்டையை உள்ளே வைத்துக் குழாயைத் தூக்கி நிறுத்துவார்களாம். என் பை அதற்கெல்லாம் மிஞ்சிய எடை. எனக்குச் செயற்கை வால்வுதான் என்றார்.

ஆனி மாதம் ஹெர்னியா ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னோமே, அது இதுதான். சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு வளையம், அடிவயிற்றில் ஒரு சின்ன பலூன், விதைப்பைக்குள் சுண்டுவிரல் நுனி போல ஒரு பம்ப். மகனுக்கு எழுதும் கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதத்தான் நாலு தாள் கிழிந்தது. வளையத்துக்குள் உப்புத் தண்ணீர் நிரம்பிக் குழாயை நெரித்து மூடியிருக்கும். போக வேண்டும் என்றால் பம்ப்பை அமுக்க வேண்டும். தண்ணீர் பலூனுக்குப் போய்விடும், வளையம் தளரும். இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். பம்ப்பை அமுக்க விரலில் வலு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தார் டாக்டர். உன் அம்மா, "அந்த விரலுக்கு இன்னா கொறை டாக்டர்? வாய்தான் தொறக்காது" என்றாள். நர்ஸ் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்து, பேடு நனைந்தது.

புண் ஆறும் வரை ஒன்றரை மாதம் அதைத் திறந்தபடியே நிறுத்தி வைத்திருந்தார்கள். போன வாரம் போய் இயங்க வைத்தோம். பாத்ரூமுக்குப் போய் நானே அமுக்கினேன், போனேன், காத்திருந்தேன். வெளியே வந்ததும் டாக்டர், "இருமுங்க" என்றார். இருமினேன். "இன்னும் பலமா." பலமாக இருமினேன். ஒன்றுமில்லை. குனிந்து நிமிரச் சொன்னார். ஒன்றுமில்லை. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நான் காய்ந்த துணியோடு நின்றேன். எல்லார் எதிரிலும் அழுதுவிட்டேன், குமரா. நீ வராந்தாவில் அழுதாயே, அது போல.

இதில் பெரிதுபடுத்த ஒன்றும் இல்லை. இது உடம்புக்குள் வைத்த ஒரு யந்திரம். சில வருஷங்களில் தேய்ந்துபோகலாம், மாற்ற வேண்டி வரலாம். கிருமி தொற்றினால் எடுத்துவிட வேண்டியிருக்கும். எப்போதாவது ஒரு சொட்டு கசியலாம். சைக்கிளைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். தறியில் உட்காரலாம், மெத்தை போட்டுக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஒப்புக்கொண்டேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். அப்பாவுக்கு வந்த வியாதி மகனுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம். நாற்பது தாண்டியதும் ஒரு டாக்டரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள். எது வந்தாலும் முதல் நாளே ரேவதியிடம் சொல்லிவிடு. எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் மறைப்பதற்கு நான் பட்ட பாட்டில் நாலு புடவை நெய்திருக்கலாம்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நான் எங்காவது மயங்கி விழுந்து யாராவது தூக்கிப் போனால், அங்கே இருப்பவர்கள் வழக்கம்போலச் சிறுநீருக்கு ட்யூப் போடப் பார்ப்பார்கள். வளையத்தைத் திறந்து நிறுத்தாமல் ட்யூப் போட்டால் உள்ளே கிழிந்து எல்லாம் பாழாகிவிடும். அதைத் தெரிந்த ஒருவர் அங்கே குரல் கொடுத்துத் தடுக்க வேண்டும். அட்டையில் இரண்டு பேருடைய பெயருக்கு இடம் இருக்கிறது. முதல் பெயர் உன் அம்மா. ஆனால் நான் விழுந்து கிடந்தால் அவள் அழுதுகொண்டிருப்பாள், பேச மாட்டாள். நீ என்னைப் போல, வாசலுக்குப் போய்விடுவாய். நாலு பேர் குசுகுசுக்கும் இடத்தில் நிமிர்ந்து நின்று, "உடம்பு முடியாதவரு, நான் சொல்றதைக் கேளுங்க" என்று சொல்லத் தெரிந்தவள் நம் வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை ரேவதியிடம் கொடு. ஒரு வரியையும் மறைக்காதே, விதைப்பை உட்பட. படித்துவிட்டு அவள் கோபப்பட்டால் அது நியாயம், நீ சமாதானம் சொல்லப் போகாதே. கோபம் ஆறிய பிறகு ஒன்று மட்டும் கேட்டுச் சொல். அட்டையில் இரண்டாவது இடத்தில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். அவளைக் கேட்காமல் எழுதியதால் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். அவள் சரி என்றால் பேனாவால் எழுதுகிறேன்.

உன்
நைனா